நினைவு தவறும் என்றால், வாய்மொழி வரலாற்றை ஆய்வில் எப்படி நம்புகிறார்கள்?

ஒரு காலத்தை வாழ்ந்து கடந்தவர்களைப் பேட்டி கண்டு, அந்தப் பதிவை ஆதாரமாக வைத்துக்கொள்வதுதான் வாய்மொழி வரலாறு.

நினைவு தவறும், சரி. மூளை நடந்ததைப் படம்பிடித்து வைப்பதில்லை. நினைக்கும்போதெல்லாம் துண்டுகளைச் சேர்த்து மறுபடி கட்டுகிறது. குழந்தைக்குத் தினமும் சொல்லும் கதை மாதிரி: கரு அப்படியே இருக்கும், விவரங்கள் சொல்பவரின் மனநிலைக்கேற்ப நகரும்.

இத்தாலியின் டெர்னி நகரில் 1949-இல் நேட்டோ எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தின்போது லூயிஜி டிராஸ்டுல்லி என்ற இளம் எஃகு ஆலைத் தொழிலாளி போலீசாரால் கொல்லப்பட்டார். பின்னாளில் வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெசாண்ட்ரோ போர்டெல்லி அங்கே பேட்டிகள் எடுத்தபோது, பலர் அதை 1953-இல், ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டத்தில் நடந்ததாகச் சொன்னார்கள். ஆண்டு தப்பு. என்னைக் கேட்டால், அந்தத் தப்புதான் பேட்டிகளிலேயே மதிப்புள்ள பகுதி. வேலை பறிபோனதுதான் அந்த ஊருக்குப் பெரிய காயம்; அந்த மரணத்துக்கும் அங்கேதான் அவர்கள் பொருள் தேடினார்கள். காவல்துறைக் கோப்பில் இது கிடைக்காது. தேதிக்கு வேண்டுமானால் கோப்பைப் பார்த்துக்கொள்ளலாம், ஆய்வாளர்களும் அப்படித்தான் ஒப்பிடுகிறார்கள்.

அப்புறம், ஒருவர் தயங்காமல் விவரமாகச் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தவறான நினைவும் அதே உறுதியோடு வரக்கூடும்.