அன்னாளைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள், எனக்கோ அவள்மேல் கோபம்தான் வருகிறது

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். என் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம், திருநெல்வேலிப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வயது 43, பள்ளி ஆசிரியை. கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை எல்லாரும் ஒன்றாக இருக்கிறோம், மாடியில் கொழுந்தன் குடும்பம். சபையில் பெண்கள் ஐக்கியத்துக்கு நான்தான் செயலாளர். வீட்டுக்கூட்டங்களில் ஜெபம் நடத்துவதும் பெரும்பாலும் நான்தான்.

அம்மா இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. சினைப்பையில் புற்றுநோய். கண்டுபிடிக்கும்போதே முற்றிவிட்டது. ஐக்கியத்துப் பெண்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள், அதை நான் மறக்கவே மாட்டேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியர் அம்மாவின் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "நான் சாவாமல், பிழைத்திருந்து" என்ற சங்கீத வசனத்தை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார், இது கர்த்தர் உங்களுக்குத் தருகிற வாக்குத்தத்தம் என்று. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு எதிரே அதை ஒட்டி வைத்திருந்தேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டேதான் கண்ணை மூடினார்கள். அடக்கத்துக்கு வந்த ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் உறுதியா பிடிச்சு ஜெபிச்சிருக்கலாம்மா" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அதிலிருந்து என்னால் தனியாக ஜெபிக்க முடியவில்லை. கூட்டத்தில் நன்றாகவே வருகிறது அக்கா, என் ஜெபத்தைக் கேட்டு மற்றவர்கள் அழுகிறார்கள். வீட்டில் முழங்கால் போட்டால் ஒரு வார்த்தை வராது. நாளைக்கு டிபனுக்கு என்ன, எந்த வகுப்புக்குத் திருத்தாத நோட்டு எவ்வளவு என்று ஓடும், இல்லையென்றால் ஒன்றுமே ஓடாது. வேதவாசிப்பு அட்டவணையில் மட்டும் தினமும் டிக் போட்டுவிடுகிறேன். மாடியில் என் ஓரகத்தி காலை நான்கு மணிக்கே எழுந்து பாடி ஜெபிப்பது கீழே கேட்கும். அத்தை என்னைப் பார்க்கிற பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிடும். ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அவரிடம் சொன்னால், "நான் இருக்கேன், பிள்ளைங்க இருக்காங்க, இன்னும் எதுக்கு இதையே நினைச்சுக்கிட்டு" என்கிறார். நல்ல மனுஷர்தான், ஆனால் அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை.

இப்போது பெண்கள் ஞாயிறுக்கு நான் செய்தி கொடுக்க வேண்டுமாம். தலைப்பு "அன்னாளைப் போல் ஜெபிப்போம்". அந்த அதிகாரத்தை எடுத்து வாசித்தால் எரிச்சல் வருகிறது. பிள்ளையில்லாத அவள் ஆலயத்தில் அழுது பிள்ளை கேட்டாள், கிடைத்தது. நாங்களும் அழுதோம், உபவாசம் இருந்தோம், எங்களுக்கு என்ன கிடைத்தது? இப்படி நினைக்கிறவள் எந்த முகத்தோடு பீடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பது? என் விசுவாசமே பொய்யா? நான் நடிக்கிறேனா? இதிலிருந்து மீண்டு ஆழமாகப் போக வழி இருக்கிறதா, இல்லை எல்லாப் பொறுப்பையும் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளவா?

இப்படிக்கு,
ஒரு சகோதரி

அன்புத் தங்கைக்கு,

உங்கள் எரிச்சலிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிக உயிரோடு தெரிந்தது அதுதான். அன்னாள்மேல் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்னாளை நம் சபைகளில் எப்படிப் பிரசங்கிக்கிறார்களோ, அதன்மேல் வருகிற எரிச்சல் அது. அழுதாள், பொருத்தனை பண்ணினாள், சாமுவேல் பிறந்தான், ஆகவே நீங்களும் அழுங்கள் என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பெண்கள் ஞாயிறிலும் பிள்ளையில்லாத நாலு பேர் கடைசி வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள், அவர்கள் நிலைமையை யாரும் யோசிப்பதில்லை. இப்போது நீங்களும் அந்த வரிசைக்கு வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

1 சாமுவேல் முதல் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். அன்னாளின் கணவன் எல்க்கானாவின் குடும்பம் எப்பிராயீம் மலைத்தேசத்திலிருந்து வருஷந்தோறும் சீலோவுக்குப் போகிறது. பண்டிகை, பலி, விருந்து. அவனுடைய இன்னொரு மனைவி பெனின்னாள் பிள்ளையில்லாததைக் குத்திக்காட்டுகிறாள், அன்னாள் சாப்பிடாமல் அழுகிறாள். இதுவும் வருஷந்தோறும் நடக்கிறது என்று வேதமே சொல்கிறது. அந்த வருஷங்களில் அவள் என்ன ஜெபித்தாள் என்று ஒரு வரி கிடையாது. சாப்பிடாததும் அழுததும் மட்டும்தான் எழுதியிருக்கிறது. ஜெபிக்காமலே இருந்தாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆலயத்துக்குப் போய், எல்லாரோடும் உட்கார்ந்து, உள்ளே ஒன்றும் இறங்காமல் திரும்பி வந்த வருஷங்கள் அந்தப் பெண்ணுக்கும் இருந்திருக்கின்றன, அவற்றையும் சேர்த்துத்தான் அவளுடைய பக்தி என்கிறேன்.

எல்க்கானா சொன்னதைப் பார்த்தீர்களா? "பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா?" உங்கள் வீட்டுக்காரர் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். இரண்டு பேருமே பாசத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் துக்கத்தை நிறுத்தச் சொல்கிற பாசம் துக்கப்படுகிறவளைத் தனியாக விட்டுவிடும். அன்னாள் அதற்குப் பதில் சொன்னதாக இல்லை, எழுந்து போய்விடுகிறாள். (எல்க்கானாவுக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும். எண்ணாகமம் 30-ன்படி மனைவி செய்த பொருத்தனையைச் செல்லாததாக்கக் கணவனுக்கு உரிமை இருந்தது. பிள்ளையை ஆண்டவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவள் செய்த பொருத்தனையை அவன் தள்ளவில்லை, உனக்கு நலமாய்த் தோன்றுகிறபடி செய் என்கிறான். வாய் வார்த்தையைவிட ஆள் பரவாயில்லை.)

அப்புறம் வாசற்படி. பிரதான ஆசாரியன் ஏலி ஆலயத்து வாசல் நிலை அருகே ஆசனம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். இவள் மனங்கசந்து அழுகிறாள், உதடு மட்டும் அசைகிறது. ஜெபத்தைப் பார்த்தே பழகிய மனுஷன், குடித்திருக்கிறாள் என்று நினைக்கிறான்! அவன் வீட்டிலேயே அவன் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் பலிக்கு வருகிறவர்களின் இறைச்சியை வேலைக்காரனை விட்டு முள்ளுக்கரண்டியால் குத்தி எடுக்க வைத்துக்கொண்டு இருந்தார்கள், அதை அடக்கத் தெரியாதவனுக்கு இந்தப் பெண்ணைத் திருத்த மட்டும் தெரிந்தது. அன்னாள் தலையை ஆட்டிவிட்டு வரவில்லை. "அப்படியல்ல, என் ஆண்டவனே" என்று மரியாதையாக, ஆனால் நேராகச் சொல்கிறாள். நான் மனக்கிலேசமுள்ளவள், என் இருதயத்தை ஊற்றினேன், என்னைப் பேலியாளின் மகளாக, அதாவது கெட்டவளாக, நினைக்காதேயும் என்று முழு விளக்கமும் கொடுக்கிறாள்.

அடக்கத்தன்று உங்கள் கையைப் பிடித்த அந்த அக்காவுக்கு நீங்கள் இன்னும் "அப்படியல்ல" சொல்லவில்லை. அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்பதில்லை. உங்களுக்குள்ளாவது சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒன்றரை வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தைத் தீர்ப்பு மாதிரி சுமந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மா உங்கள் விசுவாசக் குறைவால் சாகவில்லை. கண்டுபிடிக்கும்போதே முற்றியிருந்த நோயால் இறந்தார்கள். சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆரம்பத்தில் தெளிவான அறிகுறி பெரும்பாலும் இருக்காது, அதனாலேயே பலருக்கும் தாமதமாகத்தான் தெரியவருகிறது. உறுதியாகப் பிடித்து ஜெபித்தால் எல்லாம் மாறும் என்றால் பவுல் அப்போஸ்தலன் மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அவர் சரீரத்திலிருந்த முள் ஏன் எடுக்கப்படவில்லை? கெத்செமனேயில் இயேசு நீங்கும்படி கேட்ட அந்தப் பாடுகளின் பாத்திரம் ஏன் நீங்கவில்லை? அங்கே யாருடைய விசுவாசம் குறைவு என்று அந்த அக்காவைக் கேட்டால் அவருக்கும் பதில் வராது.

சரி, கூட்டத்தில் வருகிற ஜெபம் தனியாக ஏன் வரவில்லை? நடிப்பு என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கூட்டத்தில் உங்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது, பழகின வார்த்தைகள் இருக்கின்றன, மற்றவர்களுடைய தேவை முன்னால் இருக்கிறது. அவர்களுக்காக நீங்கள் கேட்கிறது உண்மையாகவே கேட்கிறதுதான், அதனால்தான் அவர்கள் அழுகிறார்கள். தனியாக முழங்கால் போடும்போது அந்தத் துணை ஒன்றும் கிடையாது, அங்கே முதலில் வந்து நிற்பது அம்மாதான், அம்மாவுக்குப் பின்னால் அந்த அட்டை, அட்டைக்குப் பின்னால் ஆண்டவரிடம் சொல்லக் கூடாது என்று நீங்களே அடக்கி வைத்திருக்கிற ஒரு கேள்வி. அதைத் தொட வேண்டாம் என்று மனது டிபனையும் நோட்டையும் எடுத்து முன்னால் போடுகிறது. ஜூலி எக்ஸ்லைன் என்ற அமெரிக்க உளவியலாளர் கடவுள்மேல் மனிதருக்கு வருகிற கோபத்தைப் பல வருஷங்களாக ஆராய்ந்திருக்கிறார். நல்ல விசுவாசிகளுக்கும் இது வரும். வந்ததை வெளியே சொல்ல வெட்கப்படுவதில்தான் பாதிச் சிக்கல்.

யூதர்கள் தங்கள் புத்தாண்டின் முதல் நாளில் ஜெபாலயத்தில் வாசிப்பது அன்னாளின் கதையைத்தான். உதடு அசைய வேண்டும், சத்தம் உயரக் கூடாது, இருதயம் அதில் இருக்க வேண்டும் என்று ஜெபத்தின் ஒழுங்குகளை யூத ரபிகளின் விளக்கத் தொகுப்பான தல்மூது இவளிடமிருந்தே எடுக்கிறது. அதே தல்மூதில் ஒரு ரபி, அன்னாள் வானத்தை நோக்கி வார்த்தைகளை எறிந்தாள் என்கிறார். ஆண்டவரோடு வழக்காடினாள் என்று அர்த்தம். ஜெபத்துக்கு இலக்கணமாக அவர்கள் எடுத்துக்கொண்ட பெண், வழக்காடினவள். எனக்கு இது பெரிய ஆறுதல்.

ஆகவே ஆழமாகப் போக வழி கேட்டீர்களே, இப்போதைக்கு உங்களுக்கு வழி அந்த வழக்குத்தான். நான்கு மணியை உங்கள் ஓரகத்திக்கே விட்டுவிடுங்கள், அது அவருக்குப் பொருந்துகிறது, நல்லது. நீங்கள் வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, மொட்டைமாடியோ சமையலறையோ, உட்கார்ந்தோ நின்றோ, அந்த அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்து, இதை நீர் கொடுத்தீரா, இல்லை அந்த ஊழியர் தானாகக் கொடுத்தாரா என்று கேளுங்கள். நல்ல தமிழில் கேட்க வேண்டாம், வீட்டில் பேசுகிற மாதிரியே கேளுங்கள். அழுகை வந்தால் அதுவே போதும், அன்றைக்கு ஜெபம் முடிந்தது. வார்த்தை வராவிட்டால் 13-ம் சங்கீதத்தை வாயால் வாசியுங்கள், "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று ஆரம்பிக்கிறது. 88-ம் சங்கீதம் இன்னும் கடுமை, கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லாமல் முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். டிக் போடுகிற அட்டவணையைக் கொஞ்ச நாளைக்கு மடித்து வைத்துவிடலாம்.

இதை மருந்துச்சீட்டு மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்னாள் ஊற்றிவிட்டு எழுந்தபோது சாப்பிட்டாள், அப்புறம் துக்கமுகமாக இருக்கவில்லை, அப்போது பிள்ளை உண்டாகவும் இல்லை என்பது உண்மை. ஆனால் உங்களுக்கு ஒரே நாளில் அப்படி நடக்கும் என்று நான் சொன்னால், அந்த அட்டையைக் கொடுத்தவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

அவளுக்குக் கிடைத்ததே என்று கேட்டீர்கள். கிடைத்தது, பிறகு மூன்று குமாரரும் இரண்டு குமாரத்திகளும்கூடப் பிறந்தார்கள். ஆனால் பால் மறந்த பிள்ளையை அவள் கொண்டுபோய் விட்டது யாரிடம்? தன்னைக் குடிகாரி என்று நினைத்த அதே கிழவனிடம், அந்த இரண்டு மகன்கள் இருந்த இடத்தில். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தரம் சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போகிறாள். இந்த ஒரு வருஷத்தில் பையன் எவ்வளவு வளர்ந்திருப்பான், கை நீளம் எவ்வளவு விட வேண்டும் என்று பார்க்காத பிள்ளைக்குக் கணக்குப் போட்டுத் தைத்திருப்பாள். கேட்டது கிடைத்தவளுக்கும் பிரிவு இருந்தது. இதையும் அந்தச் செய்தியில் யாரும் சொல்வதில்லை.

தூக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகும் நடு ராத்திரி முழிப்பு தொடர்கிறது என்றால் ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். ஒரு வருஷம் கடந்தும் தினமும் அழுத்துகிற துக்கத்தை, சிகிச்சை தேவைப்படுகிற தனி நிலையாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-ல் தன் கையேட்டில் சேர்த்திருக்கிறது. உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது, பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உடனே பேச வேண்டும் என்றால் டெலி மானஸ், 14416, அரசாங்க இலவச எண், தமிழில் பேசலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது ஆரம்பித்தால், அங்கேயும் அதே "அப்படியல்ல".

பொறுப்புகள் எல்லாவற்றையும் விட வேண்டாம். செயலாளர் வேலை, கணக்கு, நோட்டீஸ் எல்லாம் செய்யுங்கள், அது உங்களுக்குப் பிடிமானம். ஜெபம் நடத்துவதை மட்டும் சில மாதங்களுக்கு வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் உங்களுக்காக ஜெபிக்கிற இடத்தில் போய் உட்காருங்கள். காரணத்தை எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, போதகரின் மனைவி, உங்கள் ஐயரம்மா, நம்பிக்கையானவர் என்றால் அவரிடம் மட்டும் சொல்லுங்கள். கணவரிடமும் ஒரு தரம், பதில் ஒன்றும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேசிப் பாருங்கள்.

பெண்கள் ஞாயிறுச் செய்தியை ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம், மறுத்தால் ஒரு பாவமும் இல்லை. ஒத்துக்கொண்டால் 18-ம் வசனத்தோடு நிறுத்திவிடுங்கள், சாமுவேல் பிறக்கிறதுக்குப் போகாதீர்கள். கடைசி வரிசையில் இருக்கிற அந்த நாலு பேருக்கென்று எழுதுங்கள், உங்கள் சொந்தக் கதை ஒரு வரிகூட அதில் வர வேண்டாம். தலைப்பை மாற்ற முடியுமா என்றும் ஐயரம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா