லெக்ஸஸ் எல்சி 500 வாங்கிய புதிதில் ஓட்டும் அனுபவம் எப்படி இருக்கும்?

அண்மையில் வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த இரு கதவுக் காரின் உயிர்நாடி அதன் எஞ்சின்தான். இதற்குப் போட்டியான கார்களில் பெரும்பாலானவை டர்போவை (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து வலிமை கூட்டும், ஆனால் சற்றே தாமதித்து வேலைசெய்யும் கருவியை) நம்பியிருக்கும் காலத்தில், இதில் டர்போ இல்லாத 5.0 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் இருப்பதால், ஆக்சிலரேட்டரை அழுத்திய கணமே, அழுத்திய அளவுக்கே வேகம் கூடுகிறது. இந்த இசைவுக்காகவே இதை வாங்கலாம் என்பேன்.

ஆனால் உச்ச முறுக்குவிசை (சக்கரங்களைச் சுழற்றும் விசை) எஞ்சின் நிமிடத்துக்கு 4,800 முறை சுழலும்போதுதான் கிடைக்கிறது என்பதால், அதற்குக் கீழே கார் சற்று மந்தமாகத் தோன்றும். முன்னே செல்லும் லாரியைச் சட்டென்று முந்த வேண்டுமானால், ஸ்டீயரிங்கின் பின்னாலுள்ள இடப்பக்கப் பேடிலை (கியரைக் குறைக்கும் விசையை) இரண்டு மூன்று முறை இழுத்து, பத்து கியர்களில் கீழே இறங்கிவர வேண்டும். அப்போது எழும் உறுமல் அடிவயிறு வரை உணரக்கூடியது.

ஏறத்தாழ இரண்டு டன் எடை குறுகிய வளைவுகளில் தெரியவே செய்கிறது, எனினும் நெடுஞ்சாலையில் அதே எடை அசையாத நிதானத்தைத் தருகிறது. பின்னிருக்கை பைகளுக்குத்தான் பொருத்தம்.

முதல் 1,000 கி.மீ. வரை திடீர் முடுக்கத்தையும் மிகை வேகத்தையும் தவிர்க்கும்படி கையேடு சொல்வதால், முழு வலிமையைப் பார்க்கப் பொறுமை வேண்டும். அதுவரை ஒரே வேகத்தில் நெடுநேரம் செல்லாமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.