துக்க ஆண்டில் நட்சத்திரம் கட்டலாமா?

கேள்வி: என் கணவர் கடந்த ஆகஸ்டில் மாரடைப்பால் காலமானார். டிசம்பர் பிறந்ததும் மொட்டைமாடியில் காகித நட்சத்திரம் கட்டி பல்பு மாட்டுவது அவர்தான். இந்த ஆண்டு தான் கட்டட்டுமா என்று பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் கேட்கிறான். துக்க வீட்டில் கூடாது என்கிறார் மாமியார். சபையாரோ, விசுவாசி அழக்கூடாது என்கிறார்கள். எனக்கு ஜெபிக்கவே வாய் வரவில்லை. என் விசுவாசம் போய்விட்டதா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இல்லை, சகோதரி. அழக்கூடாது என்பவர்கள் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது, பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தை. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் அங்கே அவர் எழுதுகிறாரே தவிர, துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. லாசருவைச் சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்தும், அவன் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். உங்கள் கண்ணீருக்குக் கணக்குக் கேட்க எவருக்கும் உரிமையில்லை.

லூக்கா 2ஆம் அதிகாரத்தை மேய்ப்பர்களோடு நிறுத்திவிடாமல் தொடர்ந்து வாசியுங்கள். குழந்தையை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுவரும்போது, அங்கே அன்னாள் என்ற முதியவள் இருக்கிறாள். ஏழு வருஷம் மட்டுமே கணவனோடு வாழ்ந்து, பிறகு எண்பதைத் தாண்டிய வயதுவரை விதவையாகவே இருந்தவள். அவள் கணவன் பெயரைக்கூடச் சொல்லாத லூக்கா, அவனோடு அவள் வாழ்ந்த வருஷங்களின் எண்ணிக்கையை மறவாமல் எழுதிவைத்திருக்கிறார். மீட்புக்குக் காத்திருந்த எல்லாருக்கும் அந்தக் குழந்தையைக் குறித்துப் பேசியவளும் அவளே. விதவையை நல்ல காரியங்களில் ஒதுக்கி நிறுத்தும் வழக்கம் நம் கிறிஸ்தவ வீடுகளிலும் முற்றிலும் ஒழியாததால், இதை அழுத்திச் சொல்கிறேன். மத்தேயுவும், ஏரோது மன்னனின் வாளுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெத்லகேம் தாய்மாரின் புலம்பலை இதே பிறப்பின் வரலாற்றுக்குள்தான் வைத்திருக்கிறார். 2004 டிசம்பர் 26 சுனாமியில் உறவுகளை இழந்த வேளாங்கண்ணி, குளச்சல் போன்ற கரையோர ஊர்களின் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு மறுநாளே நினைவு நாளாகிவிட்டது.

துக்க ஆண்டில் பண்டிகை கொண்டாடாமலிருப்பது நம் சமூக வழக்கம். வேதாகமக் கட்டளை அன்று. ஆனாலும் உங்கள் மாமியார் பறிகொடுத்தது பெற்ற மகனை. அவரிடம் வழக்கத்தைப் பற்றி வாதாடாமல், அவன் சிறுவனாக இருந்தபோது இந்த வீட்டில் கிறிஸ்துமஸ் எப்படியிருந்தது என்று கேட்டு, அவரைப் பேச விடுங்கள். பேரன், அப்பா செய்துவந்த வேலையைத் தன் கையால் செய்ய ஆசைப்படுகிறான் என்பது அப்போது அவருக்கும் விளங்கக்கூடும். அதன் பிறகும் மனம் ஒப்பாவிட்டால், மாடியில் கட்டாமல் வீட்டுக்குள் உங்கள் கணவரின் படத்துக்கு அருகே கட்டச் சொல்லலாம். புதுத்துணி, கேக், பலகாரம் எல்லாம் உங்கள் விருப்பம்.

ஜெபிக்க வாய் வராத நாள்களில் 88ஆம் சங்கீதத்தைத் திறந்து மெல்ல வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை இறுதியில் துதிக்குத் திரும்புகின்றன; இது திரும்புவதில்லை, இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட பாடலையும் ஜெபமாக ஏற்றுக்கொண்ட கடவுள், உங்கள் மௌனத்தையும் ஏற்றுக்கொள்வார் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போனால் வாசலருகே உட்காருங்கள். தாங்க முடியாதபோது எழுந்து வெளியே வந்துவிடலாம். வீடுவீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிவரும் கீதபவனி குழுவினர் உங்கள் வீட்டுக்கு வருவதானால், இந்த முறை ஆரவாரமின்றி ஒரு பாட்டும் ஒரு ஜெபமும் போதும் என்று ஆயரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் அற்றுப்போனாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். மருத்துவ உதவியை நாடுவது விசுவாசக் குறைவு அன்று.