கூர் இல்லாத உளி

(பழைய கைக்கருவிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கடலூர் முதுநகரைச் சேர்ந்த மூத்த தச்சர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: பழைய வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு மூட்டை இரும்பு எடுத்தேன். அதில் ஒரு சாண் நீளத்தில் ஓர் உளி. வாய் விசிறிபோல் விரிந்திருக்கிறது. ஆனால் கூரே இல்லை. விளிம்பு நெடுக இரண்டு பள்ளங்கள் ஓடுகின்றன. சாணை பிடித்தால் சரியாகுமா?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தயவுசெய்து சாணைக்குக் கொடுத்துவிடாதீர்கள்! அது கலப்பத்து உளி. மரப்படகில் பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணித்து அடைப்பதுதான் கலப்பத்து. கூர் இருந்தால் திரி அறுந்துபோகும். அதனால்தான் விளிம்பை மழுக்கிப் பள்ளம் வைத்தார்கள். இடுக்கு அகலமாக இருந்தால் இரட்டைப் பள்ளம். திரி இறுகிய பிறகு, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசுவார்கள்.

தலையையும் பாருங்கள். காளான் குடைபோல் வட்டமாக, ஒழுங்காக விரிந்திருந்தால் கொல்லர் அடித்த வடிவம் அது. கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலின் அடி வாங்குவதற்கென்றே அப்படிச் செய்வார்கள். ஓரம் கிழிந்து சுருண்டிருந்தால், பிற்காலத்தில் யாரோ இரும்புச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உப்பனாற்றங்கரையில் படகு வேலை செய்த என் அப்பாவின் உளி ஒன்றை, இருபது வயதில் நானே சாணைச் சக்கரத்தில் வைத்துக் கூராக்கிவிட்டேன். அப்பா அதைக் கையில் வாங்கி, விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பெட்டியில் வைத்தார். அந்தப் பள்ளம் திரும்ப வரவில்லை.

கேள்வி: புதுச்சேரியில் ஏலத்தில் எடுத்த ரம்பத்தில், அம்பின்மேல் சிங்கம் நடப்பதுபோல் முத்திரை இருக்கிறது. கார் கம்பெனியின் சின்னம் என்கிறார் நண்பர். போலியா?
- வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: சின்னத்தை வைத்துப் போலி என்று ஒதுக்க வேண்டாம், அம்மா. பிரான்ஸ் நாட்டுப் பியூஜியோ குடும்பத்தார் கார் செய்வதற்கு வெகுகாலம் முன்பே ரம்பத் தகடு செய்தவர்கள். அந்தச் சிங்க முத்திரையை 1858-இல் பதிவு செய்தார்கள். சிங்கத்தின் பல்போல் தேயாத பல், அதன் முதுகுபோல் வளையும் தகடு, அம்புபோல் பாயும் வெட்டு என்று அதற்குப் பொருள். 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊரில் அப்படியொரு ரம்பம் கிடைப்பதில் வியப்பில்லை. முத்திரை இருக்கும் இடத்தில் மட்டும் உப்புத்தாள் படக்கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடையுங்கள். எழுத்து இருந்தால் தானே எழும்பி வரும்.

கேள்வி: துரு எடுத்த கருவி ஒரே மாதத்தில் மறுபடியும் துருப்பிடிக்கிறதே?
- வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: கடற்காற்று அப்படித்தான். தையல் மிஷின் எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும். செய்தித்தாளில் சுற்றி வைத்தால் ஈரம் அதிலேயே தங்கிவிடும். ஆணியில் மாட்டித் தொங்கவிடுங்கள்.