டர்போ கிட் பொருத்திய பிறகு இன்ஜின் திணறிக் கரும்புகை வருவது ஏன்?

முதலில் சந்தேகப்பட வேண்டியது பூஸ்ட் கசிவு. டர்போ அழுத்தித் தள்ளும் காற்று, இன்ஜினுக்குள் போகும் முன்பே குழாய் இணைப்பில் வெளியேறிவிடுவதுதான் அது. காற்றளவு சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கும் பெட்ரோல் வண்டிகளில், அளந்த மொத்தக் காற்றுக்கும் பெட்ரோல் பீய்ச்சப்படும். காற்று வழியில் நழுவினால் பெட்ரோல் மிஞ்சிக் கரும்புகையாகிறது. வாசலில் தலை எண்ணி நாற்காலி போட்ட பிறகு, சிலர் பின்வாசல் வழியாகப் போய்விட்டது போல.

இன்ஜினை அணைத்து, குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் காற்றடைத்து, குழாய் இணைப்பை இறுக்கும் ஒவ்வொரு கிளாம்ப் மீதும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கசியும் இடத்தில் குமிழ் கிளம்பும், பஞ்சர் பார்ப்பது மாதிரியேதான். அப்புறம் ஒன்று: முடுக்கும்போது ‘டக டக’ என்று நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக எரியும் சத்தம்) கேட்டால் தயவுசெய்து ஓட்டாதீர்கள், பிஸ்டனே உடையலாம்.

கரும்புகை என்றாலே டர்போ போச்சு என்று பலர் கழற்றிவிடுகிறார்கள். டர்போ சீல் வழியாக ஆயில் கசிந்து எரிந்தால் வருவது நீலப்புகை.