தவக்காலம்: சாப்பாட்டில் தொடங்கி பாஸ்கா வரை உங்கள் கேள்விகள்

ஈஸ்டர் என்கிற பாஸ்காவுக்கு முன் கத்தோலிக்கர் நோன்பிலும் செபத்திலும் கழிக்கும் நாட்கள்தான் தவக்காலம். அது தொடங்கும் திருநீற்றுப் புதன் நெருங்கினாலே கேள்விகள் வந்து குவியும், அதில் பாதி சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும். சரி, அதையும் பேசுவோம், ஆனால் அதிலேயே நின்றுவிட வேண்டாம்.

அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். ஒருசந்தி (நாளுக்கு ஒரே வேளை முழுச் சாப்பாடு) இருந்தே தீருவேன் என்று அடம்பிடிக்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?

சட்டமே அம்மாவை எப்போதோ விட்டுவிட்டது என்று சொல்லுங்கள். திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி கட்டாயம் என்பது 18 வயது நிறைந்தவர்களுக்கு, அதுவும் 59 நிறையும்வரைதான். கட்டாயமான நாட்களும் இரண்டே இரண்டு, திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். இறைச்சியைத் தவிர்ப்பது வேறு கணக்கு, 14 வயது நிறைந்த எல்லாருக்கும் அது உண்டு, மேலே வயது வரம்பு கிடையாது. அம்மா வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாமல் இருக்கட்டும், அது போதும். மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்து, சர்க்கரை இறங்கிக் கோவிலில் மயங்கி விழுந்தால் யாருக்கு என்ன லாபம்? அப்படியும் கேட்கவில்லை என்றால், தவக்காலம் முடியும்வரை சீரியல் பார்ப்பதை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள், ஒருசந்தியே சுலபம் என்று அவரே சொல்லுவார்.

இன்னொன்று, மீன், முட்டை, பாலுக்குச் சட்டத்தில் தடை இல்லை. நம் வீடுகள் பலவற்றில் வெள்ளிக்கிழமை கவிச்சியே சேர்ப்பதில்லை, நல்ல பழக்கம்தான். அதற்காகப் பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் அவர்களைப் பாவிகள் கணக்கில் எழுதாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவக்காலக் கணக்கில் வருமா?

ஞாயிறும் தவக்காலம்தான், ஆனால் நோன்பு நாள் அல்ல. திருநீற்றுப் புதனிலிருந்து புனித சனிவரை எண்ணினால் 46 நாள் வரும், அதில் 6 ஞாயிறைக் கழித்தால் 40. ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்டதற்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். தவக்காலத்தில் வாசிக்கவே கூடாது என்கிறார் ஒருவர். உண்மையா?

பாட்டைத் தாங்கிப் பிடிக்க வாசிக்கலாம். தனியாக வாசிப்பது, பூசை முடிந்ததும் ஒரு ரவுண்டு அடிப்பது, காணிக்கை நேரத்து இடையிசை, இதெல்லாம் கூடாது. தவக்கால நான்காம் ஞாயிறும், திருநாட்களிலேயே உயர்ந்த தரமான பெருவிழாக்களும் விதிவிலக்கு, பீடத்தில் பூ வைக்கும் விஷயமும் இதே மாதிரிதான். ஆனால் அல்லேலூயா மட்டும் பெருவிழா வந்தாலும், ஈஸ்டருக்கு முந்தின இரவான பாஸ்கா இரவுவரை கிடையாது. சூசையப்பர் திருநாளான மார்ச் 19 அன்று ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டு மட்டும் உண்டு. 2027-இல் அந்த நாள் வெள்ளிக்கிழமையில் வருகிறது, பெருவிழா என்பதால் அன்று இறைச்சித் தடையும் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், அந்த வாரம் பத்துப் பேராவது சண்டைக்கு வருவார்கள்.

என் கணவர் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகத் தயாராகிறார். இது வேறு மதத்துப் பழக்கம், தவறு என்று அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் குழு) சொல்கிறார்கள்.

காவி யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிறம் இல்லை. இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து காவி உடுத்தியது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே. உடையை விடுங்கள், நான் கேட்பது இரண்டுதான்: வழியில் வரும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவாரா, திரும்பி வந்த பிறகு குடும்பத்தோடு பெரிய வெள்ளி வழிபாட்டில் உட்காருவாரா? நடைப்பயணத்தோடு தவக்காலம் முடிந்தது என்று நினைப்பவர்களைத்தான் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

எங்கள் அன்பியத்தில் வாரம் ஒரு நாள் விவிலியம் படிக்கலாம் என்று பேசியிருக்கிறோம். யாரும் இறையியல் படித்தவர்கள் இல்லை. எப்படித் தொடங்குவது?

இந்த மாதிரிக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். புதிதாகப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். யோவான் நற்செய்தியின் 4, 9, 11 அதிகாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், லாசர். மூன்று ஆண்டுக்கு ஒரு சுற்றாக வரும் ஞாயிறு வாசகங்களில், முதலாம் ஆண்டில் தவக்காலத்தின் 3, 4, 5-ஆம் ஞாயிறுகளுக்கு உரியவை இவை, திருமுழுக்குக்குத் தயாராகிறவர்களை மனத்தில் வைத்துத் தொன்றுதொட்டு வாசிக்கப்படுகிறவை. எந்த ஆண்டானாலும் படிக்கலாம்.

உதாரணத்துக்கு 9-ஆம் அதிகாரம். ஒருவர் சத்தமாக, நிறுத்தி வாசிக்கட்டும். பிறகு ஒரே ஒரு வேலை, பார்வை பெற்றவர் இயேசுவை என்னவென்று சொல்கிறார் என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். 11-ஆம் வசனத்தில் இயேசு என்னும் மனிதர், 17-இல் இறைவாக்கினர், 33-இல் கடவுளிடமிருந்து வந்தவர், 38-இல் நம்பிக்கை கொள்கிறேன் என்று சொல்லி வணங்குகிறார். விசாரணை இறுக இறுகத்தான் அவருக்குத் தெளிவு கூடுகிறது, எல்லாம் தெரியும் என்றவர்கள் கடைசியில் குருடராகிறார்கள். நடுவில் அப்பா அம்மா நழுவுவதை விட்டுவிடாதீர்கள்: “அவனுக்கு வயசாச்சே, அவனையே கேளுங்க” என்கிற கதைதான். எங்கள் கூட்டத்தில் அந்த இடம் வந்ததும் பெரியவர்கள் சிரித்துவிட்டு, அப்புறம் நிஜமாகவே பேச ஆரம்பித்தார்கள், பிள்ளைகள் கோவிலைப் பற்றிக் கேட்டால் ஃபாதரைக் கேள் என்று நாமும் கைகழுவிவிடுகிறோமே என்று.

45 நிமிஷத்துக்கு மேல் இழுக்காதீர்கள். டீ, பிஸ்கட் வேண்டாம் என்று முதல் வாரமே முடிவு செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாலாவது வாரம் கேசரியில் வந்து நிற்கும்.

கல்யாணத்தின்போது பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்ததோடு சரி, 12 வருஷம் ஆகிவிட்டது. செபமும் மறந்துவிட்டது, எங்கள் ஃபாதர் முகத்தைப் பார்க்கவும் கூச்சமாக இருக்கிறது.

போனதும் இதே இரண்டு வரியைச் சொல்லுங்கள், மீதியை அவர் நடத்திக்கொள்வார். கேட்டதை வெளியே சொல்ல எந்தக் குருவுக்கும் அனுமதி இல்லை. அப்படியும் கூச்சமென்றால் வேறு பங்குக்குப் போங்கள், அல்லது தவக்காலத் தியானத்துக்கு வெளியூரிலிருந்து குருக்கள் வரும் நாளில் போங்கள். புனித வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள், வரிசை வாசல்வரை நிற்கும், ஆளுக்கு இரண்டு நிமிஷம்கூடக் கிடைக்காது. கனமான பாவங்களை நினைவில் உள்ளபடி, எத்தனை முறை என்பதோடு சொல்ல வேண்டும். உங்கள் பாவத்தை மட்டும், மாமியார் செய்ததை அவர் வந்து சொல்லிக்கொள்வார்.

பாஸ்கா இரவு வழிபாடு நீளமாகப் போகிறது, குழந்தைகள் தூங்கிவிடுகிறார்கள். ஞாயிறு காலைப் பூசை போதாதா?

கடமைக்குப் போதும். ஆனால் தவக்காலம் முழுவதும் போய்ச் சேருகிற இடம் அந்த இரவுதான், திருமுழுக்கு வாக்குறுதியைப் பங்கு முழுவதும் சேர்ந்து புதுப்பிக்கிற இரவு. அதைத் தவறவிட்டால் இவ்வளவு நாள் எதற்கு இருந்தோம் என்றே தெரியாமல் போகும். சனிக்கிழமை மதியம் பிள்ளைகளைத் தூங்கவையுங்கள். புது நெருப்பை மூட்டும்போது முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள், செங்கடல் வாசகத்தில் தூங்கிவிட்டால் மடியில் படுக்கட்டும், திருமுழுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது எழுப்பினால் போதும். மெழுகுதிரிக்குக் காகிதக் கப்பில் ஓட்டை போட்டு வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், முன்னால் நிற்பவர் பட்டுச்சேலையில் மெழுகு சொட்டினால் பதில் சொல்ல முடியாது.