மறு: அறுவைப் பிரசவத்துக்குப் பின் தலைவலி, யாரும் பொருட்படுத்தவில்லை

சகோதரிக்கு, அறுவைப் பிரசவமான ஆறாம் நாளில் தங்கள் தங்கைக்குத் தலைவலியும் கண் மங்கலும் இருப்பதையும், மருத்துவமனையில் "பிள்ளை பெற்றால் இதெல்லாம் இருக்கும், நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டதையும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பதிலை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

முதுகில் போட்ட மயக்க ஊசியால் வரும் தலைவலி பெரும்பாலும் உட்கார்ந்தால் கூடும், படுத்தால் தணியும். படுத்தும் தணியாமல் கண்ணும் மங்கினால், கர்ப்ப காலம் முழுவதும் இரத்த அழுத்தம் சரியாக இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை வரக்கூடிய ப்ரீஎக்லாம்ப்சியா என்னும் ஆபத்தான உயர் இரத்த அழுத்த நோயையே முதலில் சந்தேகிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் அது வலிப்பில் கொண்டுபோய் விடலாம்.

அழுத்தம் 140/90-ஐ எட்டினாலே மருத்துவர் பார்க்க வேண்டும், 160/110 என்றால் அவசரநிலை. ஆனால் கண் மங்கும்போது அளவு எதுவாயினும் இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். அங்கே "தலை வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் மறுபடியும் தட்டிக் கழிக்கக்கூடும் என்பதால், "பிரசவமாகி ஆறு நாள், கண் மங்குகிறது" என்றே பேச்சைத் தொடங்கி, இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் திருப்பி அனுப்பினால், காரணத்தைச் சீட்டில் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பேனாவை எடுக்க வேண்டி வந்தால் பலர் மறுபடி யோசிப்பார்கள்.

குழந்தையையும் உடன் கொண்டு செல்லுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாமலேயே தரக்கூடிய இரத்த அழுத்த மருந்துகள் இருக்கின்றன.